சேர் பொன்னம்பலம் இராமநாதன்: திருப்பணியும் தேர்தற் களமும்

கொழும்புக்குச் சென்றுவரும் எமது ஊர் அடியார்களிற் பெரும்பாலானோர் கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை ஒருமுறையேனும் தரிசித்திருப்பார்கள். வெளிநாட்டுப் பயண அலுவலாகவோ வைத்திய அலுவலாகவோ தலைநகருக்குப் போனவர்கள் அங்கே சென்று ஓர் அர்ச்சனை செய்வித்த பின்புதான் ஊருக்குத் திரும்புவது வழக்கம். உள்ளே நுழைந்ததும் வெளி வெயிலும் வாகன இரைச்சலும் மறைந்து, கருங்கற்றூண்களின் குளிர்ச்சி உடலிற் படும். அந்தக் கருங்கல் திருப்பணியைச் செய்வித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், அந்தத் தூண்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்திலேதான் அவர் இந்நாட்டில் நடைபெற்ற ஒரு புதுமையான தேர்தலில் நின்று வென்றார் என்பதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

அவரைப் பற்றிச் சமய மலர்களில் வந்த கட்டுரைகள் பல. அவற்றிற் பெரும்பாலானவை அவருடைய சைவப் பணியையும் கல்விப் பணியையும் சொல்லி நிறைவடைந்துவிடுகின்றன. அவர் சபைக்கு எவ்வாறு போனார், யார் அவரை அனுப்பினார்கள், வாக்குரிமையைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பவற்றை அடியேன் இங்கு சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். அரசாங்க எழுதுவினைஞனாக இருந்த காலத்திற் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமைக்குச் சென்றவன் என்ற வகையில் இதில் எனக்குத் தனியான ஓர் ஈடுபாடும் உண்டு.

இராமநாதன் அவர்கள் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் இராமநாதன், இளையவர் அருணாசலம். மூவரும் பொதுவாழ்வில் புகழ் பெற்றனர். கொழும்பு அக்கடமியிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற இராமநாதன், சட்டத்துறையிற் புகுந்து சிறந்த அப்புக்காத்தாக விளங்கினார். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பெரும் பணியையும் இளம் வயதிலேயே மேற்கொண்டார்.

அக்காலச் சட்டநிரூபண சபையைப் பற்றி இளந்தலைமுறையினருக்குச் சிறிது விளக்க வேண்டும். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி 1833இல் அது அமைக்கப்பட்டது. அதில் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். இவர்களை மக்கள் தெரிவு செய்வதில்லை, தேசாதிபதி நியமிப்பார். முழு இலங்கைத் தமிழருக்கும் ஒரேயொரு ஆசனம். அந்த ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவர் இராமநாதனுடைய தாய்வழிப் பாட்டனார். 1862 முதல் 1879 வரை அதில் இருந்தவர் சேர் முத்துக்குமாரசுவாமி, அவர் தாய்மாமனார். பிற்காலத்தில் இராமநாதன் அந்த இடத்தை விட்டு விலகியபோது அதில் அமர்ந்தவர் அண்ணன் குமாரசுவாமி. பரம்பரைச் சொத்துப் போல ஒரு வீட்டுக்குள்ளேயே அந்த ஆசனம் கைமாறியது என்று சொன்னாலும் பிழையில்லை. தேசாதிபதிக்கு அறிமுகமான, ஆங்கிலத்திற் பேசவல்ல குடும்பங்கள் அன்று மிகச் சிலவே.

எனினும் 1879இல் அந்த நியமனம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். வெற்றிடத்துக்கு இருவருடைய பெயர்கள் பேசப்பட்டன. ஒருவர் கிறிஸ்தோபர் பிறிற்றோ. கல்விமான், யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மற்றவர் இருபத்தெட்டு வயதான இராமநாதன். இந்த வேளையிலேதான் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் களத்தில் இறங்கினார். வண்ணார்பண்ணையிற் பொதுக்கூட்டம் கூட்டி, இராமநாதனையே நியமிக்க வேண்டுமெனத் தேசாதிபதிக்கு மக்கள் சார்பில் வேண்டுகோள் செல்ல வழிசெய்தார். வாக்குச்சீட்டு இல்லாத ஒரு காலத்தில் மக்கள் கூடித் தங்கள் விருப்பத்தைத் தெரிவித்த நிகழ்ச்சி அது. சைவர்களின் குறைகளை எடுத்துச் சொல்லச் சபையிலே ஒரு சைவர் இருக்க வேண்டும் என்பதே நாவலருடைய எண்ணம். தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டன் இராமநாதனை நியமித்தார். அதே ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி நாவலர் பெருமான் சிவபதமடைந்தார். அவருடைய கடைசி ஆண்டின் பொதுப் பணிகளில் இதுவும் ஒன்று.

தமிழரின் பிரதிநிதியாகச் சென்றவர் தமிழருக்கு மாத்திரம் பேசவில்லை. வெசாக் பௌர்ணமியைப் பொது விடுமுறையாக்க வேண்டுமென்று பௌத்தர்கள் கேட்டபோது, அவர்களுக்காகச் சபையில் வாதாடியவர்களில் இராமநாதன் முதன்மையானவர். 1885இல் அந்த விடுமுறை கிடைத்தது. இன்று வெசாக் கூடுகளைப் பார்க்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கலாம். பௌத்த விகாரைகளின் சொத்துகளைப் பராமரிப்பதற்கான 1889ஆம் ஆண்டுச் சட்ட விடயத்திலும் அவருடைய உழைப்பு இருந்தது. சிறு வருமானக்காரர் காசு சேர்க்கத் தபாற் கந்தோர் சேமிப்பு வங்கி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதுவும் 1885இலேயே தொடங்கியது. எங்கள் சிறு வயதில் தபாற் கந்தோரில் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிச் சேமித்தது என் வயதினருக்கு நினைவிருக்கும்.

1890களின் தொடக்கத்தில் சபையை விட்டு விலகி அரசாங்க சேவையிற் புகுந்தார். சொலிசிற்றர் ஜெனரல் பதவியிற் பல்லாண்டு இருந்தார். உத்தியோகத்தில் இருந்தபடியே சாத்திரங்களையும் கற்றார். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளை அவரும் தம்பி அருணாசலமும் குருவாகக் கொண்டிருந்தனர். அந்தக் குருவருளின் பயனாக விவிலியத்தின் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குக்கூட நமது ஞான நெறியில் நின்று ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் ஆங்கிலத்தில் உரை எழுதினார். 1904இல் கொழும்பு ஆனந்தக் கல்லூரியில் ஆற்றிய ஓர் உரையில், சிங்களவர் தம் மொழியையும் உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிட்டு ஆங்கிலேயரைப் போல நடக்கத் தலைப்படுவதைக் கடுமையாகக் கண்டித்தார். தமிழர் ஒருவர் வந்து இதைச் சொன்னது அந்தச் சபையினரை வெட்கப்பட வைத்தது என்பர். 1905இல் அமெரிக்கா சென்று பல நகரங்களில் ஆன்மிக விரிவுரைகள் நிகழ்த்தினார். திரும்பி வந்து உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது வயது ஐம்பத்தைந்து.

ஓய்வுக்குப் பின்னர் அவர் முதலிற் கைவைத்தது ஆலயப் பணியில். கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டுவித்த சிவாலயம் இருந்தது. தந்தை கட்டிய கோயிலை மகன் முற்றிலும் கருங்கல்லால் புதிதாக எழுப்பத் தீர்மானித்தார். 1907 அளவில் வேலை தொடங்கியது. தென்னிந்தியச் சிற்பிகள் வந்தனர். கொழும்பில் அன்று சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு விரைவாக ஒரு கோயிலைக் கட்டி முடித்திருக்கலாம். ஒரு மண்டபத் தரைக்குக் கல் பதிப்பதற்கே எத்தனை முறை பரிபாலன சபை கூட வேண்டியிருக்கிறது என்பது எமக்குத் தெரியும். கருவறை முதற்கொண்டு யாவும் கல் என்றால், காசும் பொறுமையும் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்! 1912இற் கும்பாபிஷேகம் நடந்தது.

இந்த இடைக்காலத்திலேதான் அந்தத் தேர்தல் வந்தது. படித்த இலங்கையர் நீண்ட காலமாகக் கேட்டு வந்ததன் பேரில் 1910இற் சபை சீர்திருத்தப்பட்டது. உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் பதின்மர் ஆயினர். அவர்களில் நால்வர் மாத்திரம் தெரிவு செய்யப்படுவர்: ஐரோப்பியர் இருவர், பறங்கியர் ஒருவர், படித்த இலங்கையர் சார்பில் ஒருவர். ஏனைய அறுவரும் முன்போல நியமனம் பெற்றவர்கள். படித்த இலங்கையருக்கான அந்த ஒரு தொகுதி நாடு முழுவதையும் உள்ளடக்கியது. பருத்தித்துறையில் இருப்பவரும் மாத்தறையில் இருப்பவரும் ஒரே ஆசனத்துக்கு வாக்களித்தனர். ஆங்கிலக் கல்வியும் வருமானமும் உள்ள ஆண்களுக்கே வாக்குரிமை இருந்தது. வாக்காளர் இடாப்பில் மூவாயிரம் பெயர்கூட இல்லை. இன்று எமது பிரதேச செயலர் பிரிவு ஒன்றிலேயே அதைப்போலப் பல மடங்கு வாக்காளர் இருக்கிறார்கள்.

1911 டிசெம்பரில் நடந்த அத்தேர்தலில் இருவர் போட்டியிட்டனர். ஒருவர் வைத்திய கலாநிதி மார்க்கஸ் பெர்னாண்டோ. பேர்பெற்ற வைத்தியர், செல்வந்தர், பொதுவிடயங்களில் முன்னின்றவர். மற்றவர் இராமநாதன், வயது அறுபது. வாக்காளரிற் பெரும்பான்மையினர் சிங்களவர். இராமநாதனுக்கு 1,645 வாக்குகள் கிடைத்தன, பெர்னாண்டோவுக்கு 981. வித்தியாசம் 664 வாக்குகள். முழு நாட்டின் படித்த மக்களும் ஒரே இடாப்பில் நின்று வாக்களித்தபோது, சிங்களவரின் ஆதரவுடன் ஒரு தமிழர் வென்றார். இதை நாம் இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ சமூகத்தைச் சேர்ந்தவர். கொவிகமச் சிங்களவரிற் பலர், தம்மவரான ஒரு கராவ வேட்பாளரை விட ஒரு வேளாளத் தமிழரே மேல் என்று எண்ணி வாக்களித்தனர் என வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இனம் பார்க்காத தேர்தல் என்று நாம் கொண்டாடும் அதிலே சாதி பார்க்கப்பட்டது. இராமநாதனுடைய திறமையும் பழைய சேவையும் வாக்குகளைப் பெற்றுக் கொடுத்தன என்பதும் மெய், இதுவும் மெய்.

வென்றவர் சும்மா இருக்கவில்லை. அரசியலோடு கல்விப் பணியும் சேர்ந்தே நடந்தது. 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். யாழ்ப்பாணத்திற் பெண்பிள்ளைகள் படிக்க விடுதியுடன் கூடிய மிஷன் பாடசாலைகள் நெடுங்காலமாக இருந்தன. சைவச் சூழலில் அவற்றுக்கு நிகரான பெரிய விடுதிக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பதே அவர் எண்ணம். முதல் அதிபராக வந்தவர் புளோரன்ஸ் பார் எமரி என்ற ஆங்கிலப் பெண்மணி. இலண்டனில் நாடக நடிகையாகப் புகழ்பெற்று, கவிஞர் யேற்ஸ், நாடகாசிரியர் பேர்னாட் ஷா ஆகியோருக்கு நெருங்கிய நண்பராக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருதனார்மடத்துக்கு வந்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து, 1917இற் கொழும்பிலேயே நோயால் காலமானார். இராமநாதனின் இரண்டாம் மனைவியாரும் மேல்நாட்டவரே. ஹரிசன் என்ற அப்பெண்மணி லீலாவதி என்ற பெயருடன் சைவராக வாழ்ந்து, கணவருக்குப் பின் கல்லூரியைக் கட்டிக் காத்தார். ஆண்பிள்ளைகளுக்கென 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி எழுந்தது. அங்கே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. பட்டமளிப்புக்குப் போகும் பெற்றோர் அங்குள்ள பரமேசுவரன் ஆலயத்தில் வணங்குவதைக் காணலாம்.

இனி, 1915க்கு வருவோம். அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்திற் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் மூண்ட கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கலவரம் சில நாட்களில் அடங்கிய பின்னரும் அந்தச் சட்டம் ஆகஸ்ட் முடியும்வரை நீடித்தது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனாநாயக்கா, எப். ஆர். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலியோர் சிறை வைக்கப்பட்டனர். ஆங்கில அரசாங்கம் முதலாம் உலகப் போரில் ஈடுபட்டிருந்த காலம் அது. வாய் திறந்தால் இராசத் துரோகம் என்று சொல்லிவிடுவார்கள். பலர் மௌனமாயினர்.

இராமநாதன் சபையில் எழுந்து பேசினார். ஒரு நாள் மாத்திரமல்ல, மீண்டும் மீண்டும் பேசினார். இது அரசுக்கு எதிரான கிளர்ச்சியல்ல, இரு சமூகத்தவரிடையே எழுந்த கலகம். அதை அடக்கச் சாதாரண சட்டமே போதும். அமைதி திரும்பிய பின்னும் மக்களைச் சுட்டதற்கு நியாயமில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல் அல்லவா? ஒவ்வொரு சம்பவத்தையும் சாட்சியத்துடன் அடுக்கினார். கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம் இருந்தும் இலண்டனுக்குப் பயணமாகி அங்கும் வாதாடினார். அவ்விடயமாக அவர் எழுதிய நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. தேசாதிபதி சால்மர்ஸ் 1915 முடிவதற்குள் திருப்பி அழைக்கப்பட்டார். இந்த இடத்தில் ஒரு தவறைத் திருத்த வேண்டும். இரகசிய ஆவணத்தைச் சப்பாத்துக்குள் ஒளித்துக்கொண்டு இலண்டனுக்குப் போனவர் இராமநாதன் என்று எங்கள் பக்கத்திற் சிலர் சொல்வதுண்டு. அவர் ஈ. டபிள்யூ. பெரேரா; சிங்களவர், கிறிஸ்தவர். அவருக்குரிய பெருமையை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இராமநாதன் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது சிங்கள மக்கள் திரண்டு வந்து, வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர். அவருடைய இல்லம் வரை அப்படியே இழுத்தார்கள். இந்த நிகழ்ச்சி நமது பாடப் புத்தகங்களில் இருந்தது. ஆனால் அக்கலவரத்தில் வீடும் கடையும் பள்ளிவாசலும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். அவர்களுடைய துயரத்துக்கு இராமநாதன் உரிய இடம் கொடுக்கவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. அதற்கு முன்னரே, 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் எழுதிய கட்டுரையால் அவர்கள் மனம் நொந்திருந்தனர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்ற அறிஞர் அதற்கு மறுப்பு நூலே எழுதினார். வண்டி இழுத்த கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

அடுத்த தேர்தலிலும் அதே படித்த இலங்கையர் ஆசனத்தை இராமநாதன் வென்றார். ஆக, அந்தத் தொகுதி இருந்த காலம் முழுவதும் அதன் ஒரே பிரதிநிதி அவரே. 1921இற் சபை மீண்டும் திருத்தப்பட்டு, அவ்வாசனம் ஒழிந்தது. அவ்வாண்டே சேர் பட்டமும் கிடைத்தது. பிரதேச வாரியான தொகுதிகள் வந்தன. பிரதேச வாரியாக வந்ததும் எண்ணிக்கை முன்னுக்கு வந்தது. தம்பி அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சொன்ன வாக்குறுதி காற்றிற் போனதும் மனமுடைந்து வெளியேறினார். 1924 சனவரியில் தலயாத்திரை சென்றவிடத்தில் மதுரையிற் காலமானார். அண்ணனுக்கு அது பேரிழப்பு. 1921 முதல் நியமன அங்கத்தவராக இருந்த இராமநாதன், 1924இல் வட மாகாணத்தின் வடக்குத் தொகுதியிலிருந்து தெரிவாகிச் சபைக்குச் சென்றார். ஒருகாலத்தில் முழு இலங்கைக்கும் பிரதிநிதியாக இருந்தவர், எழுபத்துமூன்றாவது வயதில் யாழ்ப்பாணத்தின் ஒரு பகுதிக்குப் பிரதிநிதியானார். வண்டியை இழுத்தவர்கள் ஒன்பது வருடத்துக்குள் எங்கே போனார்கள் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

1924இலும் வாக்குரிமை இருந்தது நூற்றுக்கு நான்கு பேருக்கே. 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு வந்தது. அது 1928இல் வெளியிட்ட அறிக்கை, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. பின்னர் நடைமுறைக்கு வந்தபோது இருபத்தொரு வயதான ஆண்களும் பெண்களும் அதைப் பெற்றனர். இராமநாதன் முழுமூச்சாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பில் இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, பாதுகாப்பு எதுவுமின்றி எண்ணிக்கையால் மாத்திரம் ஆட்சி அமைந்தால் தமிழர் நிலை என்னாகும் என்ற அச்சம். பின்னால் நடந்தவற்றைப் பார்த்த நாம் அந்த அச்சத்தைப் பழிக்க முடியாது. மற்றது, கல்வியும் சொத்தும் இல்லாதவர்களுக்கும், தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும், பெண்களுக்கும் வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பது. பெண்கள் வாக்குரிமை கேட்டு அக்னஸ் டி சில்வா முதலிய மாதர் 1927இற் சங்கம் அமைத்துப் போராடியபோது, அதை அவர் ஏற்கவில்லை. பெண்களுக்குப் பெருங்கல்லூரி கட்டியவர், அக்கல்லூரியிற் படித்து வெளியேறும் பெண் வாக்களிக்கத் தகுதியற்றவள் என்று எண்ணியதை என்னால் எவ்வளவு முயன்றும் பொருத்திப் பார்க்க முடியவில்லை. காலத்தின் போக்கு என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அதே காலத்தில் அதே வீட்டிற் பிறந்த அருணாசலம் தொழிலாளருக்காகச் சங்கம் அமைத்தார். எங்கள் பக்கத்து ஆலயங்களின் கதவுகள் எல்லா அடியார்க்கும் திறப்பதற்கு எத்தனை ஆண்டு சென்றது என்பதை அறிந்த நாம், அவரை மாத்திரம் குற்றவாளியாக்கவும் முடியாது. அதற்காக அவர் சொன்னதை மறைக்கவும் கூடாது.

1929 டிசெம்பரில் டொனமூர் திட்டம் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாகப் பத்தொன்பது வாக்குகள், எதிராகப் பதினேழு. இரண்டே வாக்கு வித்தியாசம். இராமநாதன் தோல்வியை ஏற்று ஒதுங்கியிருக்கலாம். எழுபத்தொன்பது வயதில் 1930இல் மறுபடியும் கப்பலேறி இலண்டன் சென்று, அத்திட்டத்துக்கு எதிராக நீண்ட மனுவொன்றை அச்சிட்டுக் குடியேற்ற நாட்டு மந்திரியிடம் கொடுத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிங்களவருக்காக வாதாடப் போன அதே இலண்டன். இம்முறை பயன் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் அவ்வாண்டு நவம்பரில் அமரரானார். சாகும்போதும் சபையின் அங்கத்தவரே. 1879இல் தொடங்கிய பொதுவாழ்வு, இடையில் அரசாங்க சேவைக் காலமும் சேர, ஐம்பத்தோராண்டு நீடித்தது.

அவருக்குப் பின் அக்குடும்பத்தின் செல்வாக்கு வாக்குகளிற் சோதிக்கப்பட்டது. மருமகன் சு. நடேசபிள்ளை 1934இல் காங்கேசன்துறையிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்; 1952இல் அதே தொகுதியில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களையே தோற்கடித்தார். அருணாசலத்தின் மைந்தர் சேர் மகாதேவா 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. பொன்னம்பலத்திடம் தோற்றார். தேசாதிபதியின் நியமனத்தால் வந்த ஆசனம் அல்லவே; சில வேளை வாய்த்தது, சில வேளை வாய்க்கவில்லை.

இராமநாதன் எதிர்த்த அந்த வாக்குரிமையின்படி முதலாவது தேர்தல் 1931 ஜூனில் நடந்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளிலும் வேட்பு மனுவே போடாமற் பகிஷ்கரித்தனர். இளைஞர் காங்கிரசார் அதற்குச் சொன்ன காரணம் வேறு: பூரண சுயராச்சியம் தரவில்லை என்பது. ஆகவே எம் பகுதி மக்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தச் சில ஆண்டு பிந்தியது.

கடமைக்குச் சென்ற வாக்களிப்பு நிலையங்களில் அடியேன் கண்ட ஒன்றுண்டு. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்குமுன் வாசலில் நிற்பவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டு வேலையை முடித்து, திருநீறு பூசி, அடையாள அட்டையைக் கைலேஞ்சியிற் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒருமுறை என்னுடன் மேசையிலிருந்து இடாப்பிற் பெயர் பார்த்த இரு எழுதுவினைஞர்களும் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியிற் படித்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திற் பேச்சு அங்கே திரும்பியது. கல்லூரி வளவில் உள்ள இராமநாதன் அவர்களின் சமாதியில் தாங்கள் மாணவியராக இருந்தபோது பூ வைத்து வணங்கியதை இருவரும் சொன்னார்கள். பிறகு மணி ஒன்றாகிவிட, வரிசையில் நின்ற அடுத்த பெண்ணின் பெயரை அவர்களில் ஒருவர் உரத்து வாசித்தார்.